வாய்க்காலில் போட்ட மாத்திரைகள்

இதை எழுத உட்கார்ந்து எத்தனையோ தடவை எழுந்துவிட்டேன். வருஷங்கள் ஓடிவிட்டன. என்னைத் தடுத்தது வெட்கம்தான்.

நாங்கள் குத்தகைக்கு உழுத இரண்டு ஏக்கரைக் காலி செய்யச் சொல்லி நிலத்துக்காரர் வழக்குப் போட்டிருந்தார். நிலம் கையைவிட்டுப் போகக் கூடாதென்று என் மனைவி சிவபெருமானுக்கு ஒரு மண்டலம் விரதம் வேண்டிக்கொண்டாள். பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. காலையில் போடும் பிரஷர் மாத்திரையையும் விட்டுவிட்டாள்.

எங்கள் சுகாதார நிலையத்தில் டாக்டர் மருந்து எழுதுவார். நர்ஸம்மா நோட்டில் குறித்துக்கொள்வார். அங்கிருந்து தெருவுக்கு வரும் ஒரு பெண் வீட்டிலேயே பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பாள்.

"அக்கா, தினம் போடறீங்கள்ல?"

என் மனைவிக்குப் பொய் வராது. என் முகத்தைப் பார்ப்பாள்.

"தவறாம போடறாம்மா," என்பேன் நான்.

"மாத்திரை அவங்களுக்கா, உங்களுக்காண்ணே? அவங்க பேசட்டும்," என்று சிரித்துக்கொண்டே காலி அட்டையைக் கேட்பாள். கேட்பாள் என்று தெரிந்து, முந்தின நாளே மாத்திரைகளைப் பிதுக்கி வாய்க்காலில் போட்டிருப்பேன். உண்மை தெரிந்தால் விரதத்தை நிறுத்திவிடுவார்கள், நிலம் போய்விடும் என்று பயம்.

பிரஷர் இறங்கவில்லை. டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்த்தார். அதையும் வாய்க்காலில் போட்டேன்.

முப்பதாவது நாள் களை எடுத்துக்கொண்டிருந்தவள், "நெஞ்சை அடைக்குதுங்க," என்று வரப்பில் உட்கார்ந்தாள். ஆட்டோவில் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் நோட்டைப் புரட்டினார்.

"ரெண்டு மாத்திரை போட்டுமா இப்படி?"

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அவர் அனுப்பிவைத்த தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் அவள் போய்விட்டாள்.

கருமாதிக்கு மறுநாள் அந்தப் பெண் வந்து, "நான்தான் சரியா கவனிக்கலண்ணே," என்று அழுதாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, டாக்டரைக் கேட்டு சாயங்காலம் பலகாரத்தோட போட வச்சிருப்பேனே. விரதமும் கெட்டிருக்காது."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

படிக்கிறவர்கள் மாத்திரை சாப்பிடுகிறவர் இருக்கும் வீடுகளில் இதைச் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு, அவள் விதி முடிந்தது என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். பொய் சொன்னவன் புருஷன் என்றே சொல்லுங்கள்.