மீட்டருக்குக் கேட்டது

என் மகளுக்கு இரண்டு காதிலும் மெஷின் உண்டு. அதற்குப் போடும் பேட்டரி சட்டைப் பித்தானில் பாதிதான் இருக்கும். மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை உரித்தால் காற்று உள்ளே போய்ப் பேட்டரி வேலை செய்யத் தொடங்கும். போடுகிற அன்றைக்கு உரித்தால் போதும் என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார்.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். இப்போது துறைமுகத்துப் பக்கம் ஒரு அலுவலகத்தில் கணினி முன்னால் உட்காருகிறேன். ஆனால் வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறது. மிக்ஸி ஓடவில்லை, காலிங் பெல் அடிக்கவில்லை என்றால் தெருவில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். யார் எதைச் சொன்னாலும் அளந்து பார்க்காமல் நான் நம்புவதில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

பேட்டரி அட்டைகள் வந்த அன்றே அளந்தேன். ஸ்டிக்கரோடு அளந்தால் வோல்ட் குறைவாகக் காட்டியது. ஒன்றை உரித்தேன், ஏறியது. திருப்தியாக இருந்தது. அப்படியே எல்லாவற்றையும் உரித்து, அளந்து, திரும்ப ஒட்டி டப்பாவில் போட்டு வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து மகள் சொன்னாள், சத்தம் விட்டு விட்டு வருகிறதென்று. மெஷினைக் கழற்றி மீட்டரை வைத்தேன். ஒன்று புள்ளி மூன்று, நல்ல பேட்டரி. வகுப்பில் யாரோ மெஷினைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், அதனால் கழற்ற வழி தேடுகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மறுநாளும் அதையே சொன்னாள். மறுபடி அளந்து, எண்ணை அவள் கண்ணுக்கு நேராகக் காட்டினேன்.

"மீட்டருக்குக் கேக்குதாம்மா? எனக்குக் கேக்கலயே" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் அப்பா கப்பலில் இருக்கிறார். அன்று போனில் பேசியபோது, பிள்ளை பொய் சொல்லப் பழகிவிட்டாள் என்று சொன்னேன். அவள் பக்கத்தில்தான் இருந்தாள். கேட்டிருக்காது என்று நினைத்தேன். பேசுகிறவர் உதட்டைப் பார்த்தே அவள் பாதிப் பேச்சைப் படித்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியாததா?

அந்த வெள்ளிக்கிழமை டியூஷனுக்கு சைக்கிளில் போனவளை, உப்பளத்துப் பக்கத்து ரோட்டில் வந்த ஒரு டிரெய்லர் லாரிக்காரர் வீட்டுக்குக் கூட்டி வந்தார். சைக்கிளை அவர் தள்ளிக்கொண்டு வந்தார். பிள்ளையின் முழங்கையில் சிராய்ப்பு. வாய்க்காலில் விழுந்த ஈரம் காய்ந்து பாவாடையெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

"அக்கா, ஆரன் அடிச்சிக்கிட்டேதான் வந்தேன். பிள்ள திரும்பவே இல்ல. பிரேக் போட்டு வண்டி கிட்டத்துல வந்து நின்ன பெறகுதான் பாத்து, பயந்து சாய்ஞ்சிட்டு. ஏளா, காது செவிடான்னு நானும் கத்திட்டேன். பெறகுதான் காதுல இதப் பாத்தேன்."

அவர் ஏதோ குற்றம் செய்தவர் போல நின்றார். நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மகள் அவசரமாகச் சொன்னாள், தப்பு தன்மேல்தானாம், திரும்பிப் பார்க்காமல் ஓட்டினாளாம். நான் மறுத்துப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் அவள் மெஷினில் இருந்த பேட்டரியை எடுத்து, அதன் இரண்டு பக்கமும் ஒரு சின்ன ரெசிஸ்டரை இணைத்து அளந்தேன். ரெசிஸ்டர் மின்சாரத்தை இழுக்கும், மெஷின் இழுப்பது போலவே. எண் மளமளவென்று இறங்கி ஒன்றுக்குக் கீழே போனது. டப்பாவில் இருந்த மற்றவையும் அப்படியே. சும்மா இருக்கும்போது ஒன்று புள்ளி மூன்று காட்டும், வேலை கொடுத்தால் செத்துப்போகும். லோடு கொடுக்காமல் பேட்டரியை அளக்கக் கூடாது என்பது முதல் வருஷப் பாடம். லோடு என்ற சொல்லை லாரிகள் ஓடும் இந்த ஊரில் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் வாங்குகிறேன். அந்தப் பேட்டரிகளைக் கொன்றதும் என் மீட்டர்தான். ஒருமுறை காற்றுப் புகுந்தால், ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினாலும் பேட்டரி தீர்வது நிற்காது. உரித்த நாளிலிருந்து எல்லாமே உள்ளே காய்ந்துகொண்டிருந்திருக்கின்றன.

புதுப் பேட்டரி வாங்கிப் போட்டேன். ஆனால் இரண்டு நாள் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. அவளோ முழங்கைக்கு மருந்து போடும்போதெல்லாம், இனிமேல் பார்த்துப் போகிறேன் என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எதிரே உட்கார்ந்து, என் உதடு தெரியும்படி எல்லாவற்றையும் சொன்னேன். டிரெய்லரைப் பற்றி ஏதாவது கேட்பாள், அழுவாள் என்று பயந்தேன்.

"அப்ப நான் சொன்னது பொய் இல்லதானே?"

இல்லை என்றேன்.

"அப்பாட்டயும் சொல்லு."

மத்தியானம் கப்பலிலிருந்து அழைப்பு வந்தது. அவள் நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். இப்போது அவளுக்கு நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் பேசி முடிக்கும்வரை என் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.