ஏழாம் பக்கத்துக்கு எது தலை

நெடுந்தீவு அரசாங்கக் கந்தோரில் ஜசிந்தா ஆறு வருடமாகத் தற்காலிக ரைப்பிஸ்ட். கால்நடை அறிக்கையை யாழ்ப்பாணத்துப் பெரிய கந்தோர் ஏற்றுக்கொண்டால் அவளை நிரந்தரமாக்கலாம் என்று 1985இல் ஒரு கடிதம் வந்தது. அறிக்கை பன்னிரண்டு பக்கம். பதினொரு பக்கத்தில் ஒரு வில்லங்கமும் இல்லை. ஏழாம் பக்கம்தான் அவளுடைய உயிரை வாங்கியது.

அதில் மாடு, ஆடு, குதிரை என்று பதினான்கு நிரல்கள். தாளைக் குறுக்கே போட்டால்தான் கொள்ளும். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே கந்தோரின் பெயரும் கீழே பக்க எண்ணும் இருக்க வேண்டும் என்பது விதி. எல்லாத் தாளையும் இடது ஓரத்தில் துளை போட்டு நூலால் கட்டினால் அதுதான் கோவை. குறுக்கே கிடக்கும் தாளுக்கு எது மேல், எது கீழ்?

"கோவையை விரிச்சால் எல்லாத் தலையும் ஒரு பக்கம் நிக்க வேணும், பிள்ளை," என்றார் தலைமைக் கிளாக்கர் அரியநாயகம். ஜசிந்தா அட்டவணையை அடித்துவிட்டு, தாளை உருவித் திருப்பிப் போட்டு, ஓரத்தில் பெயரை அடித்தாள். கோவை வள்ளம் ஏறி யாழ்ப்பாணம் போய், மூன்று வாரத்தில் ஒரு குறிப்போடு திரும்பி வந்தது. 'அட்டவணைக்குத் தலைப்பு இல்லை.'

சரி என்று அட்டவணைக்கு மேலேயே அடித்தாள். அந்த விளிம்பு கட்டுக்குள் போனது. துளை போட்ட இடத்தில் கந்தோரின் பெயரே பறந்துவிட்டது. அதுவும் திரும்பி வந்தது. துளைக்கு எட்டாமல் கொஞ்சம் இறக்கி, இரண்டு இடத்திலும் அடித்து அனுப்பினாள். 'ஒரு பக்கத்துக்கு இரண்டு தலை ஏன்? விளக்கம் தருக.'

ஜசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தானே கோவையைத் தூக்கிக்கொண்டு வள்ளம் ஏறினாள்.

பெரிய கந்தோரில் அந்தக் குறிப்புகளை எழுதிய அதிகாரி சிவபாதம், ஏழாம் பக்கத்தை விரித்துக் கழுத்தைச் சரித்தார்.

"கதிரையை இஞ்சாலை போடுங்கோ, சேர்."

அவர் கதிரையோடு மேசையின் பக்கவாட்டுக்கு வந்தார். "அங்கையிருந்து பாத்தால் ஒரு தலை, இஞ்சையிருந்து பாத்தால் ஒரு தலை. சரியாத்தானே இருக்கு!" பிறகு பழைய இடத்துக்குப் போய் எட்டாம் பக்கத்தை வாசித்தார். கடைசியில் கையெழுத்தும் போட்டார்.

"என்ரை நியமனம், சேர்?"

தற்காலிக ஊழியர் பட்டியல் கிடந்த கோவையை எடுத்தார். அதுவும் குறுக்கே அடித்த தாள். "உம்மடை பேர் இதிலை இல்லையே, பிள்ளை. போன வருசமும் இதைப் பாத்துத்தான் நாலு பேரை நிரந்தரமாக்கினனாங்கள்."

ஜசிந்தா கோவையைத் தன் பக்கம் இழுத்து, கட்டியிருந்த நூலை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து தாளின் மேல்விளிம்பு வெளியே வந்தது. கந்தோரின் பெயர், தலைப்பு, அதற்குக் கீழே முதலாவது ஆளாக, சேவையில் எல்லோருக்கும் மூத்தவளாக, ஜசிந்தா. பெயரின் நடுவில் துளை. ஆறு வருடம் இதற்குள்தான் கிடந்திருக்கிறாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

சிவபாதம் பேனையை எடுத்தார். நிரந்தரமாக்கும் கையெழுத்தைத் தாளின் அடியில்தான் வைக்க வேண்டும். தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு எழும்பி, கதிரையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டுக்கு வந்தார்.