மூன்றாம் நம்பர் திருக்கையின் சாப்பாட்டுக் கொப்பி

மீன்காட்சியகத்தில் வேலை என்றால் மீன் பார்க்கிற வேலை என்று ஊர் நினைக்கிறது. உண்மையில் அது வாளி கழுவுகிற வேலை, இடையிடையே மீன் நம்மைப் பார்க்கும். ஓய்வூதியம் எடுத்த பிறகும் வீட்டில் சும்மா இருக்க விடாத மனைவி உங்களுக்கும் வாய்த்திருந்தால், இந்த வாளியின் கனம் நான் சொல்லாமலே விளங்கும். கப்பல் கொம்பனியில் கிளார்க்காக இருந்தவன் நான். இப்போது வெள்ளவத்தையில் பஸ் ஏறிப் போய், ஒரு மீன்காட்சியகத்தின் பின்பக்கத்தில் மீன்களுக்குச் சாப்பாடு வெட்டுகிறேன். நான் கொஞ்சம் கூட்டிக் கதைக்கிறவன் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். இதில் கூட்டவில்லை. தேவைப்படவில்லை.

முதல் நாள்

மீன்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர் டொக்டர் ரிஸானா. என் மகளின் வயதுதான் இருக்கும். "திருக்கையைப் பற்றி என்ன தெரியும் அங்கிள்?" என்று கேட்டார். "தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுக்கத் தெரியும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பெரிய தொட்டியின் பின்பக்க இரும்புப் படியில் என்னை ஏற்றி, கீழே பார்க்கச் சொன்னார். ஐந்து திருக்கைகள், காற்றாடிக் காற்றில் திரைச்சீலை அசைவது போல ஓரங்களை அசைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. அதுவரை நான் அந்தச் சீவனைச் சந்தையில் துண்டு துண்டாகத்தான் கண்டிருக்கிறேன். டொக்டர் மெல்லச் சொன்னார்: "அந்த வறைக் கதைய இங்க யாருக்கும் சொல்லாதீங்க அங்கிள். முக்கியமா இதுகளுக்கு."

குசினிச் சட்டம்

பின்பக்கத்துக் குசினி என் வீட்டுக் குசினியைவிடச் சுத்தம். அங்கே சட்டங்கள் நிறைய. ஐஸில் வைத்த மீனில் சத்துக் குறையும், ஆகவே சூடை மீனின் செவுளுக்குள் விற்றமின் குளிசை ஒன்றைச் செருக வேண்டும். கணவாயில் ஓடு இருக்கக்கூடாது. இறால் தலையின் முன்னால் வாள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற முள்ளை வெட்டி எறிய வேண்டும்.

கடைசிச் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. இறாலின் ருசியே தலையில்தான் என்று வளர்ந்த வாய் என்னுடையது. தலையில் கத்தி வைக்கவே மனம் வராது. தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிற நிஹால், நான் குளிசை செருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் சொந்தப் பிரஷர் குளிசையை நான் ஒழுங்காகப் போடுவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். சிங்களம் கலந்த தன் உடைந்த தமிழில் சொன்னான்: "அனே, அங்கிளுக்கும் செவுள் இருந்தா லேசுதானே."

தழும்பு

பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிற ஆழமில்லாத தொட்டியருகில் சனிக்கிழமைகளில் என்னையும் நிறுத்துவார்கள். அங்குள்ள திருக்கைகளின் வால் முள்ளை நகம் வெட்டுவது போல வெட்டிவிடுவார்கள், அது திரும்ப வளரும். இதைச் சொல்லிவிட்டு நான் என் வலது கைத் தழும்பைக் காட்டுவேன். கற்பிட்டிக் கடலில் கதவளவு திருக்கை ஒன்று குத்தியது, மூன்று நாள் நினைவில்லை, இன்னும் மழை வந்தால் கை முன்கூட்டியே சொல்லும் என்று விடுவேன். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

ஒருநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு பெரியவர் முழுக்கதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சாரத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கணுக்காலைக் காட்டினார். திருக்கை குத்திய இடத்தில் சதை இல்லாமல் ஒரு குழி. சுடுதண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு விடியும்வரை கத்தினாராம். என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "இது தேங்காய் திருவினது ஐயா."

'முழுதும்'

ஒவ்வொரு திருக்கைக்கும் ஒரு நம்பரும் ஒரு கொப்பியும் உண்டு. திருக்கைக்கு வாய் அடிப்பக்கம், இரையின் மேல் படுத்துத்தான் தின்னும். தின்றது முழுதும், பாதி, கால்வாசி, இல்லை என்று அன்றன்றைக்கு எழுத வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து 'இல்லை' என்றால் தனித் தொட்டி. அங்கே பிடித்துப் புரட்டி, வாய்க்குள் குழாய் விட்டு ஊட்டுவார்கள். நான் சேர்ந்த மாதத்தில் ஒன்று அப்படிப் போய்த் திரும்பி வரவில்லை. அதை ஈரத் துணியில் சுற்றித் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே மூன்றாம் நம்பர் திருக்கை, கணவாயின் மேல் படுத்துவிட்டுத் தொடாமல் எழும்பிப் போன அன்று, 'முழுதும்' என்று எழுதினேன். நாளைக்குத் தின்னும் என்று நினைத்தேன். அடுத்த நாளும் எழுதினேன். தின்னாததை எடுத்து மற்றதுகளுக்குப் போட்டேன். இப்படி ஆறு நாள். ஏழாம் நாள் டொக்டர் படியில் நின்று பார்த்தார். மூன்றாம் நம்பரின் முதுகில் நடு எலும்பு கோடாகத் தெரிந்தது. கொப்பியைப் பார்த்தார், திருக்கையைப் பார்த்தார், திரும்பவும் கொப்பியைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சொன்னது இதுதான்: "அவளுக்குச் சொல்ல வாய் இல்ல அங்கிள். இந்தக் கொப்பிதான் அவள்ட வாய்."

முள்

மயக்க மருந்து கலந்த தண்ணீரில் நிஹாலும் நானும் அவளைப் புரட்டிப் பிடித்தோம். வயிற்றுப் பக்கம் வெள்ளை வெளேரென்று, பலகை மாதிரி. வாயைத் திறந்த டொக்டர் சிறிய குறடால் ஒன்றை இழுத்தார். இறால் தலையின் முள். முரசில், பல் நிற்கிற சதையில், ஏறி, சுற்றிவரச் சீழ் பிடித்திருந்தது.

வெட்டாமல் விட்ட கை எது என்று ஒருவரும் கேட்கவில்லை. கடலிலும் இப்படி ஏறலாம் என்று ஆறுதலுக்கு டொக்டர் சொன்னார். ஆனால் முதல் நாளே 'இல்லை' என்று எழுதியிருந்தால், முதல் நாளே வாயைத் திறந்து பார்த்திருப்பார். கண்ணைத் துடைக்க நான் ஒரு கையை எடுத்ததில் அவள் ஒரு பக்கம் சரிந்தாள். நிஹால் தன் கையை என் கையின் மேல் வைத்து அழுத்தினான்: "இப்ப பிடிங்க அங்கிள். அழுறது பிறகு."

'கால்வாசி'

தனித் தொட்டியில் பத்து நாள். குழாயால் ஊட்டினார்கள். நான் ஒவ்வொரு நாளும் கணவாயைத் துண்டாக்கி வைத்து, தொடாததை எடுத்து, 'இல்லை' என்று எழுதினேன். அந்தச் சொல்லை எழுத என் கை பழகவே நாளாயிற்று.

பதினோராம் நாள் காலை அவள் துண்டின் மேல் படுத்தாள். எழும்பியபோது துண்டில் கொஞ்சம் குறைந்திருந்தது. நான் ஈரக் காலோடு ஓடி, "தின்றிட்டாள்!" என்று கத்தினேன். டொக்டர் நாற்காலியிலிருந்து எழும்பவில்லை, நிஹால் சிரித்தான். நியாயம்தான். திரும்பி வந்து, பேனையைத் தூக்கி, 'பாதி' என்று எழுதத் துடித்த கையை அடக்கி, 'கால்வாசி' என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் டொக்டர் தானே வந்தார். மிச்சத் துண்டை எடுத்து, கடித்த ஓரத்தை வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பேனையை வாங்கி, பக்கத்தில் தன் கையெழுத்தை வைத்தார். "நாளைக்கும் நான் வந்து பார்ப்பேன் அங்கிள். நீங்க சொன்னதுக்காக இல்ல, அவள் சொன்னதுக்காக."

இத்தனை வயதுக்கு நான் சொன்ன ஆயிரம் கதைகளில் சாட்சிக் கையெழுத்தோடு நிற்பது ஒன்றே ஒன்றுதான்: ஒரு திருக்கை ஒரு துண்டுக் கணவாயில் கால்வாசி தின்றது.