கேவின் போட்ட பதில்

கேவின் பர்செல் நல்லவன்தான். ஆனால் அவனுடைய செயலிக்கு யாராவது ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டால் அன்றைக்கு மட்டும் அவன் வேறு ஆள். கடல் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று படகுக்காரர்களுக்குச் சொல்லும் செயலி அது. வேலை போக மிச்ச நேரத்தில் தனியாளாக உட்கார்ந்து செய்தது, ஓசியில் கொடுப்பது. அதற்கு வருகிற விமர்சனங்களைப் பார்த்தால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். "மீனே மாட்டல." "மழை பெஞ்சு நனைஞ்சுட்டேன்." "நீலக் கலர் எனக்குப் பிடிக்காது."

"அதையே படிச்சுப் படிச்சு ஏன் வயித்தெரிச்சல் படுற?" என்பாள் மனைவி நோலீன். கேவின் கேட்கமாட்டான். ஒவ்வொருவருக்கும் சுடச்சுடப் பதில் போட்டால்தான் அவனுக்குச் சாப்பாடு இறங்கும்.

வீடு கூலங்காட்டாவில். தெருவுக்கு இந்தப் பக்கம் குயின்ஸ்லாந்து மாநிலம்; அந்தப் பக்கம் ட்வீட் ஹெட்ஸ், வேறு மாநிலம். கோடை வந்தால் அந்தப் பக்கத்தார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். இந்தப் பக்கத்தார் தொடமாட்டார்கள். பல் டாக்டரிடம் போவதானாலும் "உங்க மணியா, எங்க மணியா?" என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். குழம்பாத ஆள் ஊரில் கிடையாது. குழம்பியவனைக் கிண்டல் செய்யாத ஆளும் கிடையாது.

அந்தக் கோடையில் எதிர்ப்பக்கத்து பிளம்பர் டெஸ் விட்லாக் எழுதினான்: "ஆத்து முகத்துவாரத்துக்கு நீ போடுற நேரம் தப்பு. ஒரு மணி நேரம் முன்னாடியே தண்ணி வடிய ஆரம்பிச்சிடுது." ஒரு நட்சத்திரம்.

கேவின் தன் போனில் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. உடனே பதில் போட்டான்: "டெஸ், கடலும் தப்புப் பண்ணல, நானும் பண்ணல. தெருவைத் தாண்டி வந்து மணி பாரு. புரியலன்னா உன் பொண்டாட்டியைக் கேளு."

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. பப்பில் டெஸ்ஸைப் பார்த்தவர்களெல்லாம் மணி கேட்டார்கள். இரண்டு பக்கமும் வேலைக்கு ஓடுகிறவன் அவன். தான்தான் குழம்பியிருப்போம் என்று அவனே நம்பிவிட்டான். விமர்சனத்தை நீக்கினான். அடுத்த சனிக்கிழமை, செயலி சொன்ன நேரத்துக்குப் படகை எடுத்துக்கொண்டு போனான்.

"டெஸ் படகு முகத்துவாரத்துல கவுந்துடுச்சாம்," என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள் நோலீன். "தண்ணி வடியறப்போ போயிருக்கான், வெளியே ஓடுற ஆத்துத் தண்ணியும் உள்ளே வர்ற அலையும் மோதித் தூக்கி அடிச்சிருக்கு. தோள் எலும்பு முறிஞ்சுபோச்சு. படகு சுக்கு நூறு."

கேவின் போனை அந்தப் பக்கத்து நேரத்துக்கு மாற்றிப் பார்த்தான். இதை அவன் ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை. அந்தப் பக்கத்துப் போன்களுக்கு மட்டும், கோடைக்கான ஒரு மணி நேரத்தைச் செயலி இரண்டு தடவை கூட்டியிருந்தது. டெஸ் எழுதியது அத்தனையும் உண்மை.

அன்றே திருத்தினான். புதிய பதிப்பில் என்ன மாற்றம் என்று எழுத வேண்டிய இடத்தில், "சில சிறு கோளாறுகள் சரிசெய்யப்பட்டன" என்று போட்டான். எல்லாரும் போடுகிற வாசகம்தான். கை கூசியது, இருந்தாலும் போட்டான். ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்ஸைப் பார்த்தான். கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினான்.

டெஸ் வீட்டுக்கு வந்ததும் மறுபடி எழுதினான்: "முன்னாடி உன்னைத் தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்க கேவின். குழப்பம் என்னோடதுதான். செயலி அருமை." ஐந்து நட்சத்திரம்.

ஒற்றை நட்சத்திரம் எதுவும் கேவினை இப்படி அறைந்ததில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினான்.

கதவைத் திறந்த டெஸ்ஸின் மனைவி மர்லா சிரித்தாள். "வா கேவின். எந்த மணிக்கு வந்திருக்க? எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டும் தெரியாது. மாத்திரைக்குக்கூட நான்தான் மணி பார்த்துச் சொல்றேன். பசங்களை இனி இவரோட தண்ணிப் பக்கமே விடமாட்டேன்."

சோபாவில் கட்டுப்போட்ட கையோடு கிடந்த டெஸ் அசடு வழிந்தான். கேவினால் அதைப் பார்க்க முடியவில்லை. நின்றபடியே சொன்னான்.

"நீ சொன்னதுதான் சரி, டெஸ். தப்பு என் செயலியில இருந்துச்சு. நீ கவுந்த அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டேன். சொல்லத் தைரியம் வரல."

மர்லாவின் சிரிப்பு நின்றது.

"ஆஸ்பத்திரிக்கு வந்தியே, அப்பவும் தெரியுமா?" என்றான் டெஸ்.

"தெரியும்."

டெஸ் தன் கைக்கட்டைப் பார்த்தான். பிறகு, "இதை இங்க வந்து ரகசியமாச் சொல்லாத. எங்க வச்சு என்னைக் கேலி பண்ணியோ, அங்கயே சொல்லு," என்றான்.

கேவின் அங்கேயே நின்று, டெஸ்ஸின் ஐந்து நட்சத்திரத்துக்குக் கீழே எழுதினான். தப்பு தன்னுடையது என்றும், டெஸ் முன்பே எச்சரித்தான் என்றும், தான் அதைக் கேலி செய்ததாகவும் எழுதினான். மர்லா தன் போனில் அதைச் சத்தமாகப் படித்தாள். கடைசி வரியை முடித்ததும் கணவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டெஸ் நல்ல கையால் தன் போனை எடுத்தான். மன்னிப்புக் கேட்டு எழுதியதை அழித்தான். ஐந்து நட்சத்திரத்தை ஒன்றாக்கினான்.

"இதுக்கு என்ன பதில் போடப் போற?" என்றான்.