பழைய எண்ணைத் தேடிய போன்

என் சித்தி மகள் ஆரோக்கியசெல்வி, மரக்காணத்து உப்பளங்களுக்காக ஒரு ஆப் எழுதிக்கொண்டிருந்தாள். எந்தப் பாத்தியில் உப்பு வாரியாச்சு என்று வாயால் சொன்னால் போதும், பதிவாகிவிடும். அதைச் சோதித்துப் பார்த்தவர் அவள் புருஷன் சாலமன். அளத்தில் அவர் பேசியது போனுக்குள்ளேயே காத்திருக்கும். வீட்டு வைஃபைக்குள் வந்ததும், அவள் லேப்டாப்பில் ஓடும் சர்வருக்குப் போகும். அங்கே போய்ச் சேர்ந்தால்தான் கேட்க முடியும்.

ஆனி மாத மின்னல் ஒன்றில் சாலமன் அளத்திலேயே போய்விட்டார். மோட்டார் கொட்டகையில் மாட்டியிருந்த போன் மட்டும் வீடு வந்தது. அன்றைக்கு அவர் பேசியது அதற்குள்ளே இருந்தது.

அடக்கம் முடிந்து அதை அவள் ஆன் செய்தபோது நான் வீடியோ காலில் இருந்தேன். இவ்வளவு தூரத்திலிருந்து என்னால் முடிந்தது அதுதான். சார்ஜ் கொஞ்சம்தான் இருந்தது. சார்ஜர் செருகும் துளையை உப்பு அரித்திருந்தது, இனி ஏறாது. கேபிள் போட்டாலும் லேப்டாப் அந்தப் போனைக் கண்டுகொள்ளவில்லை. வைஃபையில் விட்டால், "சர்வர் கிடைக்கவில்லை" என்றே வந்துகொண்டிருந்தது.

"ஆப்பை அழிச்சிட்டுப் புதுசா போட்டுப் பாரேன்," என்றேன்.

"உள்ள இருக்கிறதும் சேந்து போயிடும்க்கா."

பிறகு அவளே கண்டுபிடித்தாள். வைஃபையில் ரூட்டர் லேப்டாப்புக்கு விலாசம் மாதிரி கொடுத்திருந்த எண்ணை ஆப்புக்குள்ளேயே எழுதிவைத்திருந்தாள். அன்றைய இடிமழையில் கரண்ட் போய் வந்தபோது ரூட்டர் எண்களை மாற்றிக் கொடுத்துவிட்டது. பழைய எண் இப்போது பக்கத்தில் நின்ற நாத்தனார் ஜான்சியின் போனுக்குப் போயிருந்தது.

"ஏன் அண்ணி என் போனையே பாக்குறீங்க?"

"உங்கண்ணன் உன் போனுக்கு வந்து தட்டிக்கிட்டு இருக்காரு. நான்னு நெனச்சிக்கிட்டு. அத அணைச்சாத்தான் அந்த நம்பர் எனக்குத் திரும்பக் கிடைக்கும்."

ஜான்சி போனை மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். "நீங்களே அணைச்சிடுங்க அண்ணி. எனக்குக் கை வரல."

செல்வி அணைத்தாள். பழைய எண்ணை லேப்டாப்புக்கு வாங்கிக் கொடுத்தாள். திரையில் ஒரு வரி ஓடியது.

"வர்றாரு," என்றாள்.

"மூணாம் பாத்தி வாரியாச்சு. தெக்கால இருட்டிக்கிட்டு வருது. ஏம்மா, இத மெஷின் கேக்குதா, நீ கேக்குறியா? கேட்டா ஒரு பதில் போடு, வெறுங்காத்துல பேசுற மாதிரி இருக்குது." தூரத்தில் இடி. அத்தோடு முடிந்தது.

அவள் எழுதிவைத்திருந்தபடி சர்வர் தானாகவே பதில் அனுப்பியது. சாலமனின் போனில் "கேட்டது" என்ற சொல் வந்து நின்றது.

அந்தப் போனின் திரை தானாக அணையும்வரை செல்வியும் ஜான்சியும் அதன் பக்கத்தில் போகவில்லை.