மீரான் பாய் விதைத்ததும் நான் எழுதியதும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மான்குர்த் ஸ்டேஷன் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது மீரான் பாயின் மகன் இப்ராஹிம் போன் செய்தான். "மாமா, வாப்பா போயிட்டாங்க" என்றான். "அம்பர்நாத்துக்கா?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்திருந்த மனுஷர், ஞாயிற்றுக்கிழமையில் வேறு எங்கே போவார்? பையன் அழுத பிறகுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அடக்கத்தன்று ஜனாஸாவில் விசாரித்தால், நம் சந்துக்காரர்களான உங்களில் மூன்று பேர் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் ஆறுதலானேன்.

தாராவியில் நம் சந்தில் தோல்பை பட்டறை வைத்திருந்த செய்யது மீரான், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் வந்தவர். கையில் காசு சேர்ந்ததும் மற்றவர்கள் நேரூளில் ஃபிளாட் தேடினார்கள். இவர் அம்பர்நாத்தையும் தாண்டிப் போய் இரண்டு ஏக்கர் செம்மண் வாங்கினார். நம் சந்திலிருந்து நிலத்துக்குச் சொந்தக்காரரான முதல் ஆள் அவர்தான். இந்த மாநிலத்தில் விவசாய நிலம் வாங்க, வாங்குகிறவர் ஏற்கெனவே விவசாயியாக இருக்க வேண்டும். பாய்க்கு ஊரில் பங்காக வந்திருந்தது உடைமரம் தவிர எதுவும் முளைக்காத ஒரு துண்டு. அதன் பட்டாவைக் கொண்டுவந்து காட்டினார். கேட்டவர்களிடமெல்லாம், "நான் முள்ளு விவசாயி. அதுல எனக்கு அனுபவம் ஜாஸ்தி" என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டார்.

அந்தப் பக்கத்தில் எல்லோரும் நெல் போடுகிறவர்கள். பாய் கோதுமை போட்டார். அந்த மண்ணுக்கு அது சரிவராது என்று ஊரே சொன்னது. "நெல்லு வெளைக்கதுக்கா நான் பம்பாய்க்கு வந்தேன்?" என்று நம்மிடம் கேட்டார்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். முதல் வருடம் என்ன பயிர் என்று கிராம ஆபீஸில் மராட்டியில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. முனிசிபல் பள்ளியில் மராட்டி படித்தவன் என்பதால் என்னைக் கூட்டிப்போனார். மராட்டியில் கோதுமைக்கு 'கஹூ' என்று பெயர். புல்லுக்கு 'கவத்'. பாய் பக்கத்தில் உட்கார்ந்து, "கவு-ன்னு எழுதுல" என்றார். நம் நாக்கில் அந்த 'ஹ' எங்கே நிற்கிறது? அந்தச் செம்மண்ணில் புல்தான் போடப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, அழகான கையெழுத்தில் 'கவத்' என்று எழுதினேன். கோதுமை விதைத்த விஷயமே பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

புல் பதிவேட்டில் ஏறிவிட்டது. வருடா வருடம் பழையதைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் வருடம் பக்கத்து நிலத்துக்காரர் பாண்டுரங்கின் எருமைகள் கதிரில் இறங்கிப் பாதியைத் தின்றுவிட்டன. பாய் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டார். பாண்டுரங்க் பதிவேட்டின் நகலை விரித்து, இங்கே புல் என்றுதானே போட்டிருக்கிறது, எருமை வேறென்ன செய்யும் என்று கேட்டார். பஞ்சாயத்தே சிரித்துவிட்டது. பாயும் சிரித்துவிட்டார். அதன் பிறகு இருவரும் சிநேகிதர்கள். ஆனால் ஆபீஸ்காரர்களை மட்டும் அவர் மன்னிக்கவே இல்லை. ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் ஒரு பிடிக் கதிரைக் கொண்டுபோய் அவர்கள் மேஜையில் போட்டு, இது புல்லா என்று தன் இந்தியில் கேட்டுவிட்டு வருவார். அவர்கள் எழுதிக் கேட்கச் சொல்வார்கள். இவர், தப்புப் பண்ணியவன்தான் எழுத வேண்டும் என்பார். அந்தச் சமயங்களில் நான் வாசலில் நின்று மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலில் பயம். அப்புறம் இன்னொன்று சேர்ந்துகொண்டது. போகிற இடமெல்லாம், "நம்ம சம்முவம், மராட்டில ஒரு எழுத்துப் பிசகாது" என்றே என்னை அறிமுகம் செய்துவைப்பார். பயமாவது குறைந்திருக்கும், இந்தப் புகழ் என் வாயை நன்றாகக் கட்டிப்போட்டது.

அவர் சப்பாத்தி தொட மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். விளைந்ததை நம் வீடுகளுக்கெல்லாம் பைபையாகக் கொடுத்துவிட்டு, மூன்று வேளையும் சோறு சாப்பிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "வளத்துக் குடுக்கதுதான் நமக்கு அழகு. நாமளே திங்கதுக்கா வளத்தோம்?" என்றார். அந்தக் கோதுமையில் மாவு பிசைந்த வீட்டுப் பெண்கள், அவர் தப்பித்துக்கொண்டார் என்பார்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, இந்த வருடமும் புல் என்றே போட்டிருக்கிறார்கள் என்று குறைப்பட்டார். எனக்குத் தாங்கவில்லை.

"பாய், அது ஆபீஸ்காரங்க தப்பு இல்ல. முதல்ல எழுதினது நான்தான். நீங்க சொன்னது எனக்குப் புல்லுன்னு கேட்டுச்சு."

பாய் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தார்.

"ஏல சம்முவம், அந்தப் பயலுவளுக்கு நீ வக்காலத்து வாங்குதியா? உன் கையில பிசகு வராதுல."

சத்தியம் செய்தேன். எழுதிய நாளையும் பேனாவின் நிறத்தையும் கூடச் சொன்னேன். அவர் இப்ராஹிமைப் பார்த்து, "இவன் மனசு தங்கம். பொய்தான் சொல்லத் தெரியல" என்றார். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

போன வாரம் இப்ராஹிமும் நானும் அந்த ஆபீஸுக்குப் போனோம். பிழை என்னுடையது என்று மராட்டியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். புதிதாக வந்திருக்கும் அம்மாள் படித்துப் பார்த்து, கோதுமை என்று திருத்திவிடலாம் என்றார். இத்தனை வருடமும் அரைப் பக்கம் எழுதினால் தீர்ந்திருக்கும் காரியம்.

பாயின் நிலத்துக்கு இனி பேர் சரியாகிவிடும். அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன பேர்தான் மிச்சம். எழுத்துப் பிசகாதவன். அது தப்பு என்று நான் எடுத்துச் சொல்லியும் அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, விட மனம் வரவில்லை.