டோங்கா ராஜாவும் பாய் கட்டுவாரா?

சந்தனம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் வாசனை. அதோடு புதுக் கார்ப்பெட்டின் பசை நெடி, எலும்பைத் துளைக்கும் ஏசி...

என் முதல் வேலை என்றதும் இதுதான் ஞாபகம் வருகிறது.

டிகிரி முடித்து ஷார்ஜா வந்த புதிது. அங்கே முவைலா பகுதியில் அக்கா வீட்டு ஹாலில் படுக்கை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் போன முதல் ஆள் நான்தான். ஆனால் இன்டர்வியூவில் பெயரைக் கேட்டாலே பேச்சு வராது. வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். அங்கே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

அப்போது துபாயில் ஒரு பெரிய கண்காட்சி. நாட்டுக்கு ஒரு ஸ்டால். மாமா சொல்லி ஒரு ஏஜென்சி தற்காலிக பெர்மிட் போட்டு என்னை எடுத்தது. எனக்கு விழுந்த நாடு டோங்கா.

அப்படி ஒரு நாடு இருப்பதே அன்றுதான் தெரியும். ஒரே ராத்திரியில் மனப்பாடம் செய்தேன். தென் பசிபிக்கில் நூற்று எழுபதுக்கு மேல் தீவுகள். பலவற்றில் ஆளே கிடையாது. மொத்த ஜனமே ஒரு லட்சம்தான். ராஜா உண்டு. வெள்ளைக்காரர்கள் வந்தும் ராஜாவின் நாற்காலி பறிபோகவில்லை. குளிர்காலத்தில் திமிங்கிலங்கள் குட்டி போட வரும்.

எல்லாம் தெரியும். வாய்தான் திறக்கவில்லை.

ஸ்டாலுக்குப் பொறுப்பு மெலே. டோங்காவில் பிறந்து நியூசிலாந்தில் நர்ஸாக இருப்பவர். நல்ல உயரம், நல்ல பருமன், கூடமே அதிரும் சிரிப்பு, மேலெல்லாம் அந்தச் சந்தன எண்ணெய் வாசனை. கறுப்பு உடைக்கு மேல் இடுப்பில் ஒரு பாயைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருப்பார். தாழை ஓலையில் பின்னிய நிஜப் பாய். கேட்பவர்களுக்கெல்லாம் அவரே பதில் சொல்வார். நான் பக்கத்தில் நின்று புன்னகைப்பேன்.

எங்கள் சூப்பர்வைசர் ரிஸ்வான் சார், ஹைதராபாத்காரர், இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் வந்து இந்தியில் சொன்னார்.

"பேட்டா, நீ பொம்மை மாதிரி நிக்குறே. இன்னைக்கும் பேசலேன்னா கலாஸ், முடிஞ்சுது. நாளைக்கு வேற பொண்ணு வரும்."

அன்று லீவு நாள். மத்தியானம் தொழிலாளர் கேம்ப் பஸ்ஸில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. எல்லாரும் நம்ம ஊர் ஆட்கள். கண்காட்சி பாஸ்போர்ட் என்று ஒரு புத்தகம் தருவார்கள், ஸ்டாலுக்கு ஸ்டால் அதில் முத்திரை வாங்கலாம். அதற்காகத்தான் உள்ளே வந்தார்கள். முன்னால் நின்றவர் செல்வராசு அண்ணன், அறந்தாங்கிப் பக்கம், கொத்தனார். பெயரெல்லாம் பிறகுதான் தெரியும்.

மெலேயைப் பார்த்தவர் நின்றுவிட்டார்.

"டேய், படுக்குற பாய எடுத்து இடுப்புல கட்டியிருக்குடா இந்தம்மா!"

கூட்டமே சிரித்தது.

மெலே என்னிடம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார். "எதுக்குச் சிரிக்கிறாங்க?"

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். தூணோரம் ரிஸ்வான் சார் நின்றிருந்தார். எப்படியோ வாயில் வந்துவிட்டது. "உங்க பாயைப் பார்த்து."

மெலே அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தார். "அப்போ அது என்னன்னு அவங்களுக்குச் சொல்லு!"

சொன்னேன். தமிழில். "அண்ணே, அது அவங்க ஊர்ல மரியாதைக்குக் கட்டுறது. சர்ச்சுக்கு, பெரியவங்க முன்னாடி, விசேஷத்துக்கு, துக்கத்துக்கு. நம்ம ஊர்ல துண்டை இடுப்புல கட்டுவாங்கல்ல... அது மாதிரி."

செல்வராசு அண்ணனின் சிரிப்பு நின்றது.

"ஓஹோ... யாரு முன்னாடி யாரு கட்டணும்?"

எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரிலும் ஒரு காலத்தில் துண்டு தோளில் கிடக்கிறதா இடுப்பில் இருக்கிறதா என்று பார்த்தே ஆள் எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்களாம். என் அப்பா இன்றுவரை துண்டே போடுவதில்லை.

"எங்கப்பா பண்ணைக்காரர் வீட்டு வாசல்ல கட்டிக்கிட்டு நின்னதை நான் பாத்திருக்கேன்" என்றார் செல்வராசு அண்ணன். "அந்தம்மாகிட்ட கேளு தங்கச்சி. சுவத்துல அவங்க ராஜா படம் மாட்டியிருக்கே... அவரும் கட்டுவாரா?"

கேட்டேன். என் குரல் எனக்கே கேட்டது.

மெலே சிரிக்கவில்லை. "எங்ககிட்டயும் மேல் கீழ் உண்டு. ராஜாகிட்டப் பேசத் தனி வார்த்தைகளே இருக்கு. ஆனா பாய் எல்லாருக்கும்தான். ராஜாவும் சர்ச்சுக்குக் கட்டிக்கிட்டுத்தான் போவார்."

தமிழில் சொன்னேன். செல்வராசு அண்ணன் குனிந்து பாயின் பின்னலைப் பார்த்தார்.

பிறகு பின்னால் இருந்தவர்கள் கேள்விகளோடு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சனம் எவ்வளவு? "லட்சம்தானா? எங்க தாலுகாவுக்கே காணாதே!" சோறு உண்டா? கிழங்குதான். வேலைக்கு ஆள் எடுப்பார்களா? அவர்களே பாதிக்கு மேல் வெளிநாட்டில்தான் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை செய்வது சட்டப்படி தப்பு என்றதும் ஒரே ஆரவாரம். "நம்ம ஃபோர்மேனை அங்க அனுப்பி வைங்கடா, உள்ள தூக்கிப் போடட்டும்!"

கூட்டம் நகரும்போது செல்வராசு அண்ணன் மட்டும் திரும்பி வந்தார். போட்டோவுக்கென்று மெலே உபரியாக ஒரு பாய் வைத்திருந்தார்.

"கட்டிவிடச் சொல்லும்மா. போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பணும்."

"அப்பாகிட்ட என்னன்னு சொல்வீங்கண்ணே?"

"ராஜா டிரெஸ்ஸுன்னு சொல்லுவேன்" என்றார். மெலே குனிந்து கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டார். அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். போட்டோவை நான்தான் எடுத்தேன்.

ரிஸ்வான் சாருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. "அரே, இந்தப் பொண்ணு பேசுது!" என்றார், அவ்வளவுதான். கண்காட்சி முடியும்வரை அங்கேயே இருந்தேன். அதன் பிறகு ஏஜென்சி ஆபீஸில் விசாவோடு வேலை.

இப்போது ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் இருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை போனில் பேச்சுதான். ஆங்கிலம், இந்தி, நடுவே கொஞ்சம் அரபி. லோடு ஏறிவிட்டதா, டிரைவர் எங்கே, யல்லா, சீக்கிரம்...

பயமே இல்லை.

ஆனால் பதில் சொல்லி முடிப்பதற்குள் எதிர்முனையில் போனை வைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு, நான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை ஒரு கூட்டமே காத்திருந்தது.